இன்னும் இரண்டு எரிமலை அனுப்பவும்

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்பள்ளியில் நான் பூகோளம் சொல்லிக்கொடுத்து வந்தேன். எனக்குச் சரிப்படாத பாடம் ஒன்று உண்டென்றால் அது எரிமலைதான். நதிக்குத் தாமிரபரணி இருந்தது. கடலைப் பற்றிச் சொல்ல நான் தேவையே இல்லை. புன்னைக்காயலிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மலைக்கும் குறைவில்லை, மேற்கு ஜன்னலைத் திறந்தால் போதும். ஆனால் மலையின் உச்சி பிளந்து உள்ளேயிருந்து நெருப்புக் குழம்பு வழியும் என்று சொன்னபோது பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததே தவிர நம்பிக்கை இல்லை.

பாடப்புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தார்கள். மை அப்பிப் போய் ஒரு கறுப்புக் கூம்பும் அதன்மேல் ஒரு கறுப்புக் கொண்டையுமாக இருக்கும். ஒரு வருஷம் ஒரு பிள்ளை, "டீச்சர், இது செங்கச் சூளையா?" என்று கேட்டாள். அடுத்த வருஷம் வேறொருத்தி, பொங்கி வழியும் சோற்றுப்பானை என்றாள். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் துணிவில்லை. எரிமலையை நானும் பார்த்தவளில்லை. கிழக்கே தூத்துக்குடி, மேற்கே பாபநாசம். அதுதான் நான் கண்ட உலகம். அதை வைத்துக்கொண்டுதான் ஐந்து கண்டங்களையும் நடத்தி வந்தேன்.

எங்கள் பள்ளிக்குத் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லோரும் மிஸ்ஸியம்மா என்போம். அவருக்கு உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் கடிதம் வரும். உறையில் ஒட்டி வந்த தபால்தலைகளை வீணாக்கக்கூடாது என்பது அவர் கட்டளை. அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, காயவைத்து, கட்டுக்கட்டாகச் சீமைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை யாரோ வாங்குவார்கள், வந்தது மிஷன் ஊழியத்துக்குப் போகும். இந்த வேலை என் தலையில் விழுந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு நேரம் நிறையக் கிடக்கும் என்பது அந்தக் காலத்தில் எல்லா மதத்தாருக்கும் பொதுவான விசுவாசம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்டாத் தண்ணீரில் ராஜாக்களும் ராணிகளும் மிதந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒன்று மட்டும் முகமில்லாமல் வந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. ஒரு ஏரிக்கரை, கரைக்கு அப்பால் கூம்பாக ஒரு மலை, அதன் உச்சியில் புகை. மை அப்பவில்லை. ஒவ்வொரு கோடும் மயிரிழைபோல் தனித்தனியாகத் தெரிந்தது. நிகராகுவா என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூட அட்லாஸை எடுத்துத் தேடினேன். இரண்டு அமெரிக்காவுக்கும் நடுவே, இடுப்பு ஒடுங்கின இடத்தில் அந்தத் தேசம் இருந்தது. அந்த மலையின் பெயர் மொமொடொம்போ என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்தப் பெயரை முதலில் சொல்லிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஈரம் காயுமுன்னே அதை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியம்மாவிடம் போனேன். பாடத்துக்கு உதவும், நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் தமிழை வேதாகமத்திலிருந்து கற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது கர்த்தருடைய ஊழியத்துக்கென்று பிரதிஷ்டை பண்ணப்பட்டதாயிற்றே" என்று யோசித்தார். பிறகு, "நல்லது. அந்தப் பாடம் நிறைவேறுமட்டும் இது உன்னிடத்தில் இருக்கக்கடவது" என்றார்.

அந்தப் பாடத்தை நான் இன்றுவரை நிறைவேற்றவில்லை.

வகுப்பில் தபால்தலையையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்து வரிசையாகப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் சத்தமில்லை. இவ்வளவு காலமும் இல்லாத நம்பிக்கை இன்று வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து, "எரிமலை இம்புட்டுச் சின்னதா டீச்சர்?" என்று கேட்டாள்.

பிள்ளைகளுக்கு அது எப்படியோ, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மற்றத் தலைகளையெல்லாம் கர்த்தருக்கு விட்டுவிட்டு எரிமலையை மட்டும் தேட ஆரம்பித்தேன். சல்வடோர் தேசத்துப் பழைய தலை ஒன்று அகப்பட்டது. மலைக்கு மேலே வளைவாக நட்சத்திரங்கள், பகலா இரவா என்று சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரருடைய தீவு ஒன்றிலிருந்து ஒன்று வந்தது. பழைய சித்திரப் புத்தகமொன்றில் அவற்றை ஒட்டிவைத்தேன். தலைக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒன்றை மடித்து, கோந்து தொட்டு, பக்கத்தில் ஒட்டவேண்டும். அப்போதுதான் முதுகு கெடாமல் பிறகு எடுக்கலாம். இதெல்லாம் மிஸ்ஸியம்மாவுக்குச் சீமையிலிருந்து வரும் ஒரு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டது. அதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், தபால்தலை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுடைய விலாசங்கள் வரும். துணிந்து நானும் எழுதிப் போட்டேன். எனக்கு எரிமலை வேண்டும். பதிலுக்குச் சங்கு போட்ட திருவாங்கூர் அஞ்சல் தலைகள் தருவேன். நாகர்கோவிலில் எனக்கு ஒரு சித்தி இருந்தார். சங்குக்குப் பஞ்சமில்லை.

நியூசிலாந்திலிருந்து பதில் வந்தது. நிமிர்ந்த, கண்டிப்பான எழுத்து. கையெழுத்தில் இரண்டு தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும். அந்தத் தேசத்தில் எரிமலைக்குக் குறைவில்லையாம். தம் வீட்டு வாசலிலிருந்தே ஒன்று தெரியுமாம். கடிதம் போகவர மூன்று மாதம் பிடிக்கும். ஆனாலும் நின்றுபோகாமல் நடந்தது.

என் தகப்பனார் கிராமத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தாயார் காலமான பிறகு என்னோடுதான் இருந்தார். தெருவில் யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் அது பொதுச் சொத்து. என் வீட்டுக்குக் கப்பலேறி வந்தால் கேட்க வேண்டுமா? நாலைந்து கடிதம் வந்ததும் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏட்டி, இந்தக் காயிதம் எழுதுதது ஆம்பிளையா, பொம்பிளையா?"

"தெரியலப்பா. எழுத்தப் பாத்தா பொம்பிள மாரித்தான் இருக்கு."

"வெள்ளக்காரன் எல்லாவனும் பொம்பிள மாரித்தான் எழுதுவான். என்ன எழுதியிருக்குன்னு வாசி, கேப்போம்."

தமிழில் சொல்லி வாசித்தேன். மழை அதிகம், ஆட்டுக்குக் கால் நோய், கோழி முட்டையிடவில்லை. பிறகு இரண்டு பக்கம் எரிமலை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் கேட்பதுபோல் கேட்டார். முடிந்ததும், "கோழியப் பத்தி எழுதுதவன் தப்பானவனா இருக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்கு அது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. இருபத்தைந்து தாண்டிய மகளை வைத்துக்கொண்டிருந்த மனுஷர்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் போயிற்று. அப்புறம் எங்கள் ஜில்லாவில் ஒரு துரை சுடப்பட்டுச் செத்தார். அது ஊரறிந்த கதை, நான் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு போலீஸ்காரர்களுக்குக் கை ஓயவில்லை. பத்திரிகை வாசித்தவர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். புதுச்சேரியில் உறவுக்காரர் இருந்தவர்கள், இல்லை என்றார்கள். தாடி வைத்திருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்களை, ஏன் எடுத்தீர் என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு மட்டும் நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ராஜாவுக்காக முழங்காலில் நின்று ஜெபிக்கிறவர்கள் நாங்கள். எங்களை யார் கேட்கப்போகிறார்கள்?

சாரல் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலைநேரம். மிஷனுக்காக ஊறவைத்த தலைகளைச் சுளகில் பரப்பி, பறக்காமலிருக்கக் கூழாங்கற்களை வைத்து முற்றத்தில் காயப்போட்டிருந்தேன். வாசலில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் பின்னால் ஒரு கான்ஸ்டபிளும் வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டருக்குக் கல்லிடைக்குறிச்சி. நெற்றியில் விபூதி, காதில் கடுக்கன். சுளகைக் குனிந்து பார்த்தார்.

"எங்க ஊருல அப்பளத்தத்தான் இப்படிக் காயப்போடுவாக" என்றார்.

அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்து நாற்காலி போட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் கையை அமர்த்தி வேண்டாமென்றார். அதற்கும் போலீஸ் காரியத்துக்கும் சம்பந்தமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த காகிதமொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"டீச்சரம்மா, உங்களுக்கு வந்த காயிதம் ஒண்ணத் தபாலாபீஸ்ல பாத்து நகல் எடுத்திருக்கோம். தமிழ்ல பேத்தும் எழுதியிருக்கு. வாசிக்கேன். சரிதானான்னு சொல்லுங்க."

வாசித்தார். "தாங்கள் போன தடவை அனுப்பிய சங்குகள் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. நான் அனுப்பிய மலை வழியிலே வெடித்துவிட்டதென்று அறிந்து வருந்துகிறேன். இனிமேல் அட்டை வைத்துப் பத்திரமாய்க் கட்டுவேன். என்னிடத்தில் இன்னும் வெடிக்காத பழையது இரண்டும், புகைந்துகொண்டிருப்பது ஒன்றும் உள்ளன. தாங்கள் கேட்டபடி இன்னும் இரண்டு எரிமலை அனுப்புகிறேன். தங்கள் நாட்டில் கலகம் என்று கேள்விப்படுகிறேன். தாங்கள் தைரியமாய் இருக்கவும்."

மொழிபெயர்ப்பில் ஒரு பிழை கிடையாது. தபால்தலை நடுவே கீறல் விட்டு வந்திருந்தது. அதைத்தான் வெடித்தது என்று நான் எழுதியிருந்தேன். இன்ஸ்பெக்டர் வாசிக்கக் கேட்டபோது எனக்கே இந்தப் பெண்பிள்ளையை ஏன் இன்னும் வெளியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தோன்றிற்று.

"அதெல்லாம் ஸ்டாம்புங்க" என்றேன். "எரிமலைப் படம் போட்ட ஸ்டாம்பு."

"எரிமலைன்னா என்னம்மா?"

பூகோள டீச்சரல்லவா, விளக்கம் சொல்ல வாய் தானாகத் திறந்தது. பூமிக்குள்ளே நெருப்பு இருக்கிறது, அழுத்தம் கூடும்போது புகையும், பிறகு வெடிக்கும், சுற்றிலும் உள்ளதை அழிக்கும் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நெருப்பு, பொக, வெடி, அழிவு. நீங்களே சொல்லுதீய."

அப்பா உதவிக்கு வந்தார். "ஐயா, எம் மக சொல்லுதது நிசந்தான். வெளியே பாத்தா ஒண்ணுந் தெரியாது. உள்ளுக்குள்ளயே கொதிச்சிக்கிட்டுக் கெடக்கும். வேள வந்தாத்தான் வெடிக்கும்."

இன்ஸ்பெக்டர் பென்சிலை நாக்கில் தொட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு என் சித்திரப் புத்தகத்தைப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே நின்றார். "மொமொடொம்போ. யாரும்மா இந்த ஆளு?"

"ஆளு இல்லைங்க. மலையோட பேரு. நிகராகுவாங்கற தேசத்துல இருக்கு."

"அது நம்ம ராஜா ஆளுகையா?"

"இல்ல. அங்கன ராஜா கிடையாது. குடியரசு."

பென்சில் நின்றுவிட்டது. "ராஜாவே கிடையாதா?"

"முன்ன ஸ்பெயின் ராஜா இருந்தாரு. வேண்டாம்னு அனுப்பிட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. "பைய யோசிச்சுப் பேசுங்கம்மா" என்று தணிந்த குரலில் சொன்னார். ஆனாலும் எழுதிக்கொண்டார். போகும்போது சித்திரப் புத்தகத்தையும் கடிதங்களையும் துணியில் கட்டிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். காய்ந்துகொண்டிருந்த சுளகைக்கூட எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

அவர்கள் தெரு முனை திரும்பவில்லை, எதிர்வீட்டம்மாள் வந்துவிட்டாள். வெடிகுண்டு சந்தேகம் என்று கேட்டதும் அவள் முகம் விழுந்துபோயிற்று. "அம்புட்டுத்தானா? நாங்க சீமையில ஒரு மாப்பிள்ளையில்லா நெனச்சிக்கிட்டு இருந்தோம்!" என்றாள். தெருவே ஏமாந்துதான் போயிற்று. மூன்று வருஷமாக வளர்த்துவந்த கதை.

மறுநாள் மிஸ்ஸியம்மா கூப்பிட்டனுப்பினார். எனக்காகப் பரிந்து கலெக்டரிடம் எழுதுவார் என்று நம்பிப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, "உன்னுடைய கடிதங்களை அவர்கள் திறந்தார்களென்றால், என்னுடையவைகளையும் திறந்திருப்பார்களோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பாளையங்கோட்டையிலுள்ள துரைசானிமாரைப் பற்றித் தம் தங்கைக்கு அவர் வாராவாரம் எழுதுகிறவர் என்பது எங்களெல்லோருக்கும் தெரியும். பிறகு தலைவிக்குரிய குரலில், "இந்த உபத்திரவகாலம் கடந்துபோகுமட்டும் நீ எரிமலைகளைப் போதிக்கவேண்டாம். சமவெளிகளைப் போதி" என்றார்.

அப்படியே சமவெளி நடத்தினேன். இதைவிட நிம்மதியான பாடம் பூகோளத்தில் இல்லை. யாரும் எதையும் சந்தேகிக்கவில்லை. பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

ஆனால் இராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஜெயிலுக்குப் போவோமோ என்ற பயம் ஒருபக்கம் இருக்க, அந்தச் சித்திரப் புத்தகத்தைக் கான்ஸ்டபிள் எங்கே போட்டுவைத்திருப்பான், சாரல் ஈரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே என்ற கவலை அதற்கு மேலே நின்றது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் போலீஸ் சூப்பரின்டென்டென்ட் துரையின் கச்சேரிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். சத்தியம் பண்ணச் சொன்னால் அவர்களுடைய வேதாகமம் சுத்தமாக இருக்குமோ என்னவோ என்று தம்முடையதையும் எடுத்துக்கொண்டார். மாட்டுவண்டியில் போனோம். வழி நெடுக அவர் வேதாகமத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. கச்சேரி வராந்தாவில் வெகுநேரம் உட்காரவைத்தார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

துரை நடுவயதுக்காரர். வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. மேஜைமேல் என் புத்தகம் கிடந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்று தாம் எழுதிய அறிக்கையை வாசித்தார். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், வேளை வந்தால் வெடிக்கும் என்பது அப்பாவின் வாக்குமூலமாகவே அதில் இருந்தது. துரை முதலில் சலிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இழுப்பறையைத் திறந்து பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்தார்.

அறிக்கை முடிந்தது. துரை கவனிக்கவேயில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினார். இன்ஸ்பெக்டர் பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். துரை இவ்வளவு கருத்தாக ஒரு சாட்சியத்தைப் பார்த்து அவர் கண்டதில்லை போலும். பிறகு துரை ஒரு மெல்லிய அளவுகோலை எடுத்துத் தலையின் ஓரத்தில் வைத்து வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார்.

அப்பா என் காதருகே குனிந்தார். "என்னட்டி செய்யுதாரு?"

"பல்ல எண்ணுதாருப்பா."

"யாரு பல்ல?"

"ஸ்டாம்போட பல்ல. ஓரத்துல இருக்குமே, அது."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டார்.

துரை என்னிடம் இங்கிலீஷில் பேசினார். "இந்த முத்திரை விழுந்த நிகராகுவா உங்களுக்கு எங்கே கிடைத்தது?" சொன்னேன். சல்வடோரில் அசல் எது, போலி எது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் மறுத்தார். நானும் மறுத்தேன். இரண்டு பேரும் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். நான் எதற்காக அங்கே வந்தேன் என்பது கொஞ்சநேரம் எனக்கே மறந்துபோயிற்று. நாலு வருஷமாக இதைப் பற்றி வாய்திறந்து பேச எனக்கு ஒரு மனுஷர் கிடைத்ததில்லை. கிடைத்தவர் போலீஸ் சூப்பரின்டென்டென்டாக இருந்துவிட்டார்.

கடைசியில் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இதில் வழக்கு எதுவும் இல்லை என்றார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். என்னுடைய நிகராகுவாவில் விழுந்திருக்கும் முத்திரை அவரிடம் இல்லையாம். ஊர் ஊராகத் தேடியும் அகப்படவில்லையாம். அதற்குப் பதிலாகக் காலஞ்சென்ற ராஜாவின் முகம் போட்ட தலைகள், சாம்ராஜ்யத்தின் எல்லாத் தேசங்களிலும் வெளிவந்தவை, ஒரு வரிசையாகத் தருவாராம். "உங்களுக்குச் சம்மதமிருந்தால் மட்டுமே" என்றார். சற்றுப் பொறுத்து, "கட்டாயம் எதுவும் இல்லை" என்றார்.

என் கடிதங்கள் அவர் மேஜைமேல் இருந்தன. என் புத்தகம் அவர் கைக்குள் இருந்தது. வாசலில் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள் நின்றான். சம்மதிக்காமலிருக்க எனக்குப் பூரண சுதந்திரம் இருந்தது.

சம்மதித்தேன். அவர் சந்தோஷத்தில் தலையின் முனையைக் கட்டைவிரல் நகத்தால் கிளப்பப் போனார். "அப்படிப் பிய்த்தால் முதுகு கிழிந்துவிடும்" என்று என்னையறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். துரை உடனே கையை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அவருடைய மேஜைமேல் குனிந்து, விரலை நாக்கில் தொட்டு, ஒட்டுத்தாளைக் கொஞ்சங்கொஞ்சமாக ஈரமாக்கி, ஒரு நூல்கூடப் பிசகாமல் என் மலையை நானே உரித்து அவரிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்தேன்; வரவில்லை. உரித்த நேர்த்தியைப் பார்த்து அவர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்தும் இருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

வாசற்படியில் இன்ஸ்பெக்டர் எங்களோடு இறங்கி வந்தார். விறைப்பெல்லாம் போய்விட்டது.

"டீச்சரம்மா, அப்ப அது மலதானா?"

"மலதாங்க."

"ஒரு மாசமா ராப்பகலா உக்காந்து எழுதினேம்மா. தொரைக்கு மலையப் பிடிச்சுப்போச்சு. எனக்குக் கெடைக்கவேண்டிய பிரமோஷந்தான் போச்சு." கொஞ்சம் தயங்கி, "வெளியூர்க் காயிதத்துல இனிமே இப்படி எழுதாதீய. வாசிக்குதவனும் மனுசந்தான" என்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கச்சேரியில் அன்றைக்கு என்னைப்போல் இழந்தவர் அவர் ஒருவர்தான்.

வண்டி ஏறியதும் அப்பாவுக்கு வாய் திறந்தது. "எதட்டி குடுத்த?"

"நிகராகுவா."

"போவட்டும். ராசா இல்லாத ஊருதான." என் மடியில், திரும்பக் கிடைத்த புத்தகத்தின்மேல் இருந்த துரையின் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பச்சை, நீலம், ஊதா, மஞ்சள். எல்லாவற்றிலும் ஒரே தாடி, ஒரே வழுக்கை. "இவரு ஒருத்தருக்கு எத்தன சட்ட!" என்று ஆச்சரியப்பட்டார்.

வருஷம் முடியுமுன் நியூசிலாந்திலிருந்து கடிதம் வந்தது. வழக்கத்தைவிடத் தடிமன். எங்கள் போலீஸ் அந்த ஊர்ப் போலீஸுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து குதிரைமேல் ஒரு கான்ஸ்டபிள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறான். எழுதியவர் ஒரு கிழவி. புருஷன் இறந்து, பிள்ளைகள் தூரதேசம் போய், ஆடும் கோழியுமாகத் தனியே இருக்கிறவர். திருநெல்வேலியிலுள்ள கலகக்காரி ஒருத்தியோடு உமக்கு என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டானாம். அவர் அவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, எல்லா எரிமலையையும் காட்டியிருக்கிறார். இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனானாம். மறுநாள் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு விசாரிக்க வந்தார்களாம். "இவ்வளவு பேர் என் வீட்டுக்கு வந்து பல வருஷமாயிற்று. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?" என்று எழுதியிருந்தார்.

அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். "கெழவியா?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "நல்லாக் கெழவியா?" என்று மறுபடி கேட்டார். ஆமென்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். எதிர்வீட்டம்மாளோடு சேர்ந்து அவரும் ஒரு மூலையில் அந்த மாப்பிள்ளையை வளர்த்து வந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த உறைக்குள் ஒரு தலை தனியாக இருந்தது. ஊதா நிறம். படிக்கட்டுபோல் இறங்கும் பாறைகள், அவற்றில் தேங்கி வழியும் தண்ணீர். இது மலையே இல்லையே என்று நினைத்துக்கொண்டு கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அந்தப் பாறைகள் இளஞ்சிவப்பாக இருக்குமாம். கல்யாணமான புதிதில் புருஷனோடு போய் அந்த வெந்நீரில் கால் நனைத்திருக்கிறாராம். பிற்பாடு பக்கத்து மலை வெடித்தபோது அந்த இடமே இல்லாமல் போயிற்று. அது போய் வெகுகாலம் கழித்துத்தான் சர்க்கார் அதைத் தபால்தலையில் போட்டிருக்கிறார்கள். "எரிமலை படத்தில் இல்லை. அது செய்த வேலைதான் இது. உங்கள் தொகுப்பில் சேருமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று எழுதியிருந்தார்.

நிகராகுவா இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதில் ஒட்டினேன்.

இன்ஸ்பெக்டர் சொன்னதை மறக்கவில்லை. அதிலிருந்து என் கடிதங்களில் மலை என்று வருகிற இடத்திலெல்லாம் பக்கத்திலேயே "காகிதத்தில் அச்சிட்ட படம்" என்று சேர்த்தேன். வெடித்தது என்று எழுதவேண்டிய இடத்தில் "சிறு கீறல் கண்டது" என்று எழுதினேன். கலகம், புகை, நெருப்பு ஒன்றும் கிடையாது. சங்குக்கும் "தபால்தலை" என்று விளக்கம் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துக் கிழவியிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கான்ஸ்டபிள் இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை தேநீருக்கு வருகிறானாம். என் கடிதங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறானாம். போன கடிதத்தைக் கேட்டுவிட்டு, அந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லையா, எழுத்து முன்போல இல்லையே என்று கவலைப்பட்டானாம்.